தாய் நேரம்

பாரிட் புந்தார் ரயில் நிலையத்தில் விடிகாலையிலேயே 11 பேர் கூடிவிட்டோம். தாய்லாந்தின் ஹாட் யாய்க்குத் திருச்சபை ஊழியப் பயணம். கிரியான் ஆற்றைத் தாண்டி, புக்கிட் மெர்தாஜாமில் கொமுட்டர் மாறும்போது ஓர் அக்கா கைப்பையைக் கொட்டிப் பார்த்தார். தைலம், வேதாகமம், முறுக்கு எல்லாம் இருந்தன. கடப்பிதழ் இல்லை! அவருக்கு இது முதல் வெளிநாட்டுப் பயணம், பாவம். வீட்டுக்காரர் அதை எடுத்துக்கொண்டு காரில் கிளம்பினார்.

பாடாங் பெசார் நிலையத்தில் இரு நாட்டுக் குடிநுழைவு முகப்புகளும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. ரயில் சீட்டில் போட்டிருந்த நேரம் நெருங்கியும் காரைக் காணோம். “அக்கா, நீங்க வீட்டுக்குத் திரும்பிடுங்க” என்று சொல்லியே விட்டேன். தலையாட்டியவர், முறுக்குப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார்.

முகப்பில் இருந்த அதிகாரி சிரித்தார். சீட்டில் இருந்தது தாய்லாந்து நேரம்; நம்மைவிட 1 மணி நேரம் பின்னால். வானொலியில் தினமும் மணி சொல்லும் எனக்கு அது உறைக்கவில்லை!

அரை மணியில் அவர் கணவர் கைலியோடு ஓடி வந்தார். முறுக்கைத் திருப்பிக் கொடுத்தேன். அக்கா வாங்கவில்லை.