மதித்துக்கொண்டே கேளுங்கள்

"நான் இருபது வருஷம் ஆராய்ச்சி செய்தவன். எனக்கே சொல்லித் தருகிறாயா?" கைபேசியில் நடக்கும் வாக்குவாதங்களில் இந்த வரி வந்து விழுந்ததும் பல இளைஞர்கள் வாயடைத்துப் போகிறார்கள். வேறு சிலரோ, "நீ என்ன பெரிய விஞ்ஞானியா?" என்று ஏளனத்தில் இறங்கிவிடுகிறார்கள். இரண்டுமே எனக்கு வருத்தம் தருகின்றன. பெரியவர்களை மதிக்கச் சொல்லிப் பிள்ளைகளை வளர்க்கிறோம். மதித்துக்கொண்டே கேள்வி கேட்பது எப்படி என்று சொல்லித் தருவதில்லை.

படிப்புக்கு மதிப்பு உண்டு. ஒரு துறையில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர் பேசும்போது காது கொடுத்துக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் சொன்னது சரியா என்பதைச் சோதனைதான் முடிவு செய்யும்.

லைனஸ் பாலிங்கைவிடப் பெரிய விஞ்ஞானியை எங்கே தேடுவது? 1954இல் வேதியியலுக்கும் 1962இல் அமைதிக்கும் நோபல் பரிசு பெற்றவர். யாரோடும் பகிர்ந்துகொள்ளாமல் இரண்டு நோபல் பரிசுகளை வென்றவர் அவர் ஒருவரே. வைட்டமின் சி-யை நிறைய எடுத்துக்கொண்டால் சளியைத் தடுக்கலாம் என்று 1970இல் புத்தகம் எழுதினார். பிறகு, புற்றுநோயாளிகளின் ஆயுளையும் அது நீட்டிக்கும் என்றார்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் அதைச் சோதித்தார்கள். நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வாய்வழியாகத் தினமும் 10 கிராம் வைட்டமின் சி. மற்றவர்களுக்கு மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 1979இல் வந்த முடிவில் பலன் தெரியவில்லை. அந்த நோயாளிகள் பெரும்பாலோர் ஏற்கெனவே கீமோதெரபி எடுத்தவர்கள் என்று பாலிங் ஆட்சேபித்தார். நியாயமான ஆட்சேபம்தான். மருத்துவர்கள் அதை ஒதுக்கவில்லை. கீமோதெரபி எடுக்காதவர்களிடம் மறுபடி சோதித்து 1985இல் வெளியிட்டார்கள். அப்போதும் பலனில்லை. பாலிங்கின் மேதைமையை யாரும் பழிக்க வேண்டியிருக்கவில்லை.

கேட்பவருக்குப் பட்டம் வேண்டுமா? ஒரு சோதனையைத் தொடங்கியபோது எமிலி ரோசாவுக்கு 9 வயது. நோயாளியைத் தொடாமலே அவர் உடலின் சக்தியைக் கைகளால் உணர்ந்து குணப்படுத்துகிறோம் என்று சொன்ன 21 பேரை அந்தச் சிறுமி சோதித்தாள். நடுவில் ஓர் அட்டைத் தடுப்பு. அதன் துளைகள் வழியே அவர்கள் இரு கைகளையும் நீட்டுவார்கள். நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, ஏதாவது ஒரு கைக்கு மேல் எமிலி தன் கையை வைப்பாள். எந்தக் கை என்று சொல்ல வேண்டும். 280 முறை செய்ததில் 44 சதவீதமே சரி. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே பாதி சரியாக வரும். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழ் 1998இல் இதை வெளியிட்டது.

ஆகவே, யாராவது தன்னை நிபுணர் என்று சொன்னால் மூன்றைக் கேளுங்கள். உங்கள் துறை எது? இதை எப்படிச் சோதித்தீர்கள்? வேறு யாராவது செய்து பார்த்து அதே முடிவுக்கு வந்தார்களா? நல்ல அறிஞர் இவற்றைக் கேட்டு மகிழ்வார். ஆதாரத்தை எடுத்துக் காட்டுவார். கோபப்படுகிறவரிடம் குரலை உயர்த்தாதீர்கள். கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

தக்க பதில் வந்தால், அதை எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொள்ளுங்கள். அந்த மனம் இல்லாதவருக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் இல்லை.