காற்றுக்கு என்ன விலை?

என் தொழிலில் அதிக லாபம் கொடுக்கிற சரக்கு காற்று. மெழுகை உருக்கி, பாதி ஆறியதும் முள்கரண்டியால் அடித்து நுரைக்க வைத்து, மெழுகுவத்தியின்மேல் அப்புகிறேன். பார்த்தால் பனி படிந்த மாதிரியோ, கேக்கில் கிரீம் வைத்த மாதிரியோ இருக்கும். திண்டுக்கல்லில் பனி ஏது என்று யாரும் கேட்பதில்லை. மார்கழி பிறந்துவிட்டால் கிறிஸ்துமஸுக்கு, பிறந்தநாளுக்கு என்று ஆர்டர் வந்துகொண்டே இருக்கும். நூறு கிராம் மெழுகைச் சாதா வத்தியாக ஊற்றி விற்பதைவிட, அதே நூறு கிராமை நுரைத்து விற்றால் இரண்டு மடங்குக்கு மேல் காசு. அந்தக் காசை வாங்க எனக்கு வெகுநாள் கை கூசியது.

கூச்சம் அப்பா வழியில் வந்தது. அவர் மளிகைக் கடை வைத்திருந்தார். எந்தச் சரக்கையும் உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை ஏற்றி இறக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டார். 2012-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. சென்னைக்கு வெளியே பாதி நாள் கரண்ட் இருக்காது. கடையில் அரிசி, பருப்புக்கு அடுத்து மெழுகுவத்திதான் ஓடியது. ஒரு நாள் யாரோ புதுப் பாக்கெட் கொண்டுவந்தார்கள். பார்க்கப் பெரிசு, எடுத்தால் லேசு. அப்பா கையில் வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார். “காசுக்குத் தக்கன கனம் இருக்கணும் தாயி. இருட்டுல உக்காந்திருக்கிறவன ஏமாத்தப்படாது” என்றார். ஊரும் அதே குணம்தான். ஒட்டன்சத்திரத்துக் காய், நிலக்கோட்டைப் பூ, எங்கள் வெங்காயப் பேட்டை எல்லாவற்றுக்கும் தராசு பேசினால்தான் பேச்சு. அந்த வீட்டில் வளர்ந்தவள் காற்றை அடைத்து விற்கக் கிளம்பினால் கை கூசாமல் என்ன செய்யும்?

வேலை என்னவோ எளிமையானதுதான். பாரஃபின் மெழுகு பாளமாக வரும். உடைத்து ஒரு பாத்திரத்தில் போட்டு, அதைக் கொதிக்கும் தண்ணீருக்குள் வைத்து உருக்க வேண்டும். நேராக அடுப்பில் ஏற்றக் கூடாது. நான் வாங்கும் ரகம் 58, 60 டிகிரியில் உருகிவிடும். கவனிக்காமல் விட்டுச் சூடு 200 டிகிரி வாக்கில் போனால் ஆவி தீப்பிடிக்கும். பிடித்தால் தண்ணீரை ஊற்றிவிடாமல் மூடியைப் போட்டு அணைக்க வேண்டும். மெழுகுக்கு எடுத்த பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்கக் கூடாது. மிச்சத்தைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

இறக்கி வைத்த மெழுகு தெளிந்து கிடக்கும். கொஞ்ச நேரத்தில் பாத்திரத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளை வளையம் தோன்றி நடுவை நோக்கி நகரும். மேலே முழுக்க ஆடை கட்டியதும் முள்கரண்டியால் கிழித்து அடிக்க ஆரம்பிக்கலாம். முதலில் கரண்டி போன தடத்தில் வெள்ளைக் கோடு ஓடும். பிறகு மொத்தமும் வெளுத்து, சளசளத்த சத்தம் சரசரவென்று மாறும். கரண்டியைத் தூக்கினால் நுனி மடங்காமல் நிற்க வேண்டும். அதுதான் பதம். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம்தான் நம் கையில். அதற்குள் அப்பி, இழுத்து, முள் முள்ளாக நிறுத்திவிட வேண்டும். சூட்டோடு அடித்தால் குமிழ் உடைந்து பழையபடி ஓடும். ஆறவிட்டு அடித்தால் புட்டு மாவாக உதிரும், ஒட்டாது. சித்திரையில் ஆடை கட்டவே காத்துக் கிடக்க வேண்டும். மார்கழிக் காலையில் கண் மூடித் திறப்பதற்குள் இறுகிவிடும். ஆர்டர் குவிவதும் மார்கழியில்தான்.

ஒரு டம்ளர் மெழுகு அடித்தபின் ஒன்றரை டம்ளரைத் தாண்டி உப்பும். கூடுதலாக வந்தது முழுக்கக் காற்று. அந்தக் குமிழ்கள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் நுரை வெள்ளை வெளேரென்று தெரிகிறது. நிஜப் பனி வெள்ளையாகத் தெரிவதற்கும் அதுவே காரணம். சாயம் போட்டாலும் வெளுத்துத்தான் போகும். ரோஜா நிறம் கேட்டால் உருகிய மெழுகு நல்ல சிவப்பாகத் தெரியும்வரை போட வேண்டும்.

இந்தக் கூச்சத்தோடு இருந்தபோதுதான் மைக்கேல் ஃபாரடே படிக்கக் கிடைத்தார். 1860 கிறிஸ்துமஸை ஒட்டி லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில், ஒரு மெழுகுவத்தியை வைத்தே சிறுவர்களுக்கு ஆறு சொற்பொழிவு நடத்தியவர். மறுவருஷம் அது புத்தகமாக வந்தது. முதல் சொற்பொழிவிலேயே என்னைப் பிடித்துவிட்டார். எரியும் வத்தியின் தலையில் மெழுகு குழிந்து கிண்ணம் கட்டும். கீழிருந்து சீராக ஏறும் காற்று ஓரத்தைக் குளிர வைத்து அந்தக் கிண்ணத்தின் சுவரைக் காப்பாற்றும். வரிவரியாகப் பள்ளம் வைத்த அலங்கார வத்தியில் காற்று சீராக ஏறாது. கிண்ணம் கோணி, மெழுகு வழிந்துவிடும். பார்க்க அழகான வத்தி எரிவதற்கு மோசமான வத்தி என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். அப்பாவும் ஃபாரடேயும் ஒரே கட்சி. முழுக்க நுரையாலேயே செய்த வத்தி ஒன்றை ஏற்றிப் பார்த்தேன். ஒரு பக்கமாகச் சரிந்து, தட்டெல்லாம் வழிந்து, சாதா வத்தியின் ஆயுளில் பாதிகூட நிற்கவில்லை.

எதிர்க்கட்சிக்கும் ஆள் இருந்தது. ஐஸ்கிரீமில் காற்று இல்லாவிட்டால் அது வெறும் பனிக்கட்டி. அதனால் நம் நாட்டு உணவுச் சட்டம் காற்றைத் தடுக்கவில்லை, அளவு கட்டியிருக்கிறது: ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராமுக்குக் குறையக் கூடாது. எங்கள் ஊர்ப் பூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டைப் பார்த்து, இரும்பு கிலோ என்ன விலை என்று யார் கேட்கிறார்கள்? உள்ளே இருக்கும் லீவர்களை அரம் போட்டு ராவின கைக்குத்தான் காசு. கடைக் கதவுக்கு மாங்காய்ப் பூட்டு வாங்கப் போனபோது அப்பாவும் அதைக் கையில் ஏற்றி இறக்கிப் பார்க்கவில்லை. சாவியைப் போட்டுத் திருகி, காதோரம் வைத்துச் சத்தம் கேட்டார். சொன்ன விலையைக் கொடுத்தார்.

அங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. என் கைக்கு நானே கூலி கேட்டுப் பழக்கமில்லை. வீட்டில் சமைப்பதற்கும் துவைப்பதற்கும் யார் கணக்கு எழுதினார்கள்? அதனால் மெழுகுவத்திக்கு விலை சொல்லும்போது கூலியை நுரைக்குள் ஒளித்து வைத்தேன். ஒளித்து வைத்ததால்தான் ஏமாற்றுகிற மாதிரி இருந்தது. வாங்குகிறவர் மெழுகுக்குக் கொடுப்பதாக நினைக்கிறார், நான் வேலைக்கு வாங்குகிறேன்.

இப்போது உள்ளே கெட்டியான தடி வத்தி. அதன் மேல்தோலைக் கத்தியால் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, வெளியே மட்டும் நுரை. வத்தி அகலமாகவும் திரி சன்னமாகவும் இருந்தால் சுடர் நடுவிலேயே குழித்துக்கொண்டு இறங்கும், வெளி நுரை கரையாது. ஃபாரடேக்கு அதிலும் முழுத் திருப்தி இருக்காது, ஆனால் தட்டில் வழிவது நின்றது. அட்டையில் உள் வத்தி எத்தனை கிராம், நுரை எத்தனை கிராம் என்று தனித்தனியாக எழுதுகிறேன். தட்டில் வைத்து ஏற்றுங்கள், திரியைக் கால் அங்குலத்துக்கு வெட்டிவிடுங்கள் என்றும் எழுதுகிறேன். கரண்ட் போனால் ஏற்ற வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களுக்கு நுரை வத்தி கொடுப்பதில்லை. சாதா வத்தியை எடுத்து நீட்டுவேன்.

பில்லில் மெழுகு, திரி, சாயம் போக ‘செய்கூலி’ என்று ஒரு வரி உண்டு. நகைக்கடை வழக்கம்தான். சேதாரம் மட்டும் போடுவதில்லை. உதிர்ந்தது, மீந்தது எல்லாம் மறுபடி பாத்திரத்துக்கே போய்விடுகிறது. “ஏங்கா, மெழுகைவிடக் கூலி ஜாஸ்தியா இருக்கே?” என்று கேட்பவர்களிடம், “ஆமா, அதுதான் வேலை” என்கிறேன். முதலில் குரல் கொஞ்சம் உள்ளே போனது, இப்போது போவதில்லை. சிலர் வாங்குகிறார்கள். சிலர் சாதா வத்தியே போதும் என்று விடுகிறார்கள். அதையும் நான்தான் விற்கிறேன், எடை போட்டு.