லாட் எண் இல்லாத இடம்

சிம்பாங் பூலாயில் சுண்ணாம்பு மலையை வைத்துத்தான் வழி சொல்வோம். ஐபிளான் அப்படிச் சொல்லாது. திட்டமிடல் துறையான பிளான்மலேசியா நடத்தும் இணைய வரைபடம் அது. எந்த நிலம் குடியிருப்புக்கு, எது தொழிலுக்கு என்று நிறம் பிரித்துக் காட்டும்.

நமக்கு இது சின்ன விஷயமல்ல. உள்ளாட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. மன்ற உறுப்பினரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுப் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்டாக வேண்டும். நம்மிடம் மிஞ்சியிருக்கும் குரல் அதுதான்.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கைப்பேசியில் படத்தைக் காட்டினேன்.

"நம்ம பழைய லயம் எங்கய்யா?"

"லாட் நம்பர் தெரியுமா பாட்டி?"

"நம்பரா? கோயிலுக்குப் பின்னால, ஆலமரத்துப் பக்கம்."

லயத்து வீடு தோட்ட நிர்வாகத்துடையது. பால் மரம் வெட்டியவர் பெயரில் கிராண்ட் ஏது?

இணையம் வேண்டாம் என்று சொல்லவில்லை. மன்ற அலுவலகம்வரை போய்ப் பார்த்ததை இப்போது வீட்டிலேயே பார்க்கலாம். ஆனால் ஓரிடத்தில் எத்தனை தலைமுறை வாழ்ந்தது என்பதற்கு அந்தப் படத்தில் நிறம் இல்லை. அதை ஆட்சேபக் கடிதத்தில் நாம்தான் எழுத வேண்டும். ஆலமரத்தை லாட் எண்ணாக்க, பாட்டி பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். திருவிழாவுக்கு வீடு வீடாக நன்கொடைப் புத்தகத்தோடு போகும் நம் பையன்கள், அவகாசம் முடிவதற்குள் இதற்கும் ஒருமுறை போய்வரலாம்.