தெருவுக்கு அந்தப் பக்கம்

முத்தியால்பேட்டையிலிருந்து வடக்கே நடந்தால் புதுச்சேரி எங்கே முடிகிறது, கோட்டக்குப்பம் எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும். எங்கள் வீடு கோட்டக்குப்பம், அதாவது விழுப்புரம் மாவட்டம். தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தது முத்தியால்பேட்டையில். நடந்து போகிற தூரம்தான், ஆனால் வேறு அரசாங்கம்.

2011 கணக்கெடுப்பில் யூனியன் பிரதேசத்தில் சுமார் 12.5 லட்சம் பேர். சதுர கிலோமீட்டருக்கு 2,500 பேருக்கு மேல். இதில் நான்கு துண்டுகள் வேறு. புதுச்சேரிக்குச் சொந்தமாகப் பள்ளித் தேர்வு வாரியமே கிடையாது. புதுவையும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்தைப் படித்தன, மாஹே கேரளத்துடையதை, யானம் ஆந்திரத்துடையதை. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்தக் கடன் வாங்கின பாடம்தான் எங்களைப் போன்றவர்களுக்கு வசதியாக இருந்தது. என் பையன் படித்து முடித்த கைடும் நோட்டும் அப்படியே தங்கச்சி மகளுக்குப் போகும். சந்தேகம் வந்தால், "அண்ணா, இத சொல்லிக் குடு" என்று சாயங்காலம் வந்து உட்காருவாள்.

2023-24 கல்வியாண்டில் அங்கே உயர்நிலை, மேல்நிலை அரசுப் பள்ளிகளை மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாற்றத் தொடங்கினார்கள். நுழைவுத் தேர்வுக்கு உதவும் என்பது காரணம். இருக்கலாம். ஆனால் எட்டாவது வரை ஒரு மாதிரி படித்த பிள்ளையை ஒன்பதாவதில் வேறு மாதிரிக்குத் திருப்புவதற்கு டியூஷன் காசு யார் தருவது? அரசுப் பள்ளிக்கு அனுப்புகிற வீட்டில் அது கிடையாது.

மருத்துவ இடத்திலும் இதே கோடு. தமிழ்நாட்டில் 2020 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் ஒதுக்கீடு. புதுச்சேரியில் 2023ல் 10 சதவீதம் வந்தது. இரண்டுமே நல்ல காரியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இங்கே குடியிருந்து அங்கே அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளை? தமிழ்நாட்டுச் சலுகைக்குத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். புதுச்சேரிச் சலுகைக்குக் குடியிருப்புச் சான்று வேண்டும். ரெண்டும் இல்லாமல் நடுவில் நிற்கும்.

ஆஸ்பத்திரி மட்டும் இந்தக் கோட்டைப் பார்ப்பதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1823ல் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் இன்றைய ஜிப்மரின் வேர். இப்போது அது மத்திய அரசுடையது. விடியற்காலையில் கோரிமேட்டில் போய்ப் பாருங்கள்: கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை என்று பஸ் பஸ்ஸாக வந்து இறங்கி, சாப்பாட்டுத் தூக்கோடு வரிசையில் நிற்பார்கள். அம்மாவுக்கு இதய வால்வு அறுவை அங்கேதான் நடந்தது. தனியாரில் சொன்ன தொகைக்கு வீட்டை விற்றிருக்க வேண்டும். கூட்டம் தாங்காது, மாதக்கணக்கில் தேதி தள்ளிப்போகும், அது உண்மைதான். ஆனாலும் "நீ எந்த ஊர்க்காரி" என்று கேட்டுத் திருப்பி அனுப்பவில்லை.

தங்கச்சி போன வாரம் வந்திருந்தாள். வாடகை ஏறிவிட்டதால் எங்கள் தெருவுக்கே குடிவரலாமா என்று யோசனை. மகள் டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்கிறாள், இப்போது பதினொன்றாவது. "இன்னும் ரெண்டு வருஷம் அந்தப் பக்கமே இரும்மா, வாடகையில பாதி நான் தரேன்" என்றேன்.