நாய் உடம்பில் 42 கிலோமீட்டர்!

ஜெர்மனியின் மியூனிக் நகர வரைபடத்துக்குள் ஒரு நாய் ஒளிந்திருக்கிறது. நீளமான உடம்பு, குட்டைக் கால்கள், மேற்குப் பார்த்த முகம்.

1972 ஒலிம்பிக்குக்காக மாரத்தான் பாதையை அப்படித்தான் வரைந்தார்கள். அந்தப் போட்டியின் செல்லச் சின்னம் ‘வால்டி’ என்ற டாஷ்ஹண்ட். வெளிர் நீலத் தலை, அதே நிறத்தில் வால், நடுவில் வண்ணக் கோடுகள். வடிவமைத்தவர் ஓட்ல் ஐக்கர். கோடைக்கால ஒலிம்பிக்கின் முதல் அதிகாரபூர்வ சின்னம் இதுதான். ஓட்டத்தில் ஜெயித்த அமெரிக்கர் ஃபிராங்க் ஷார்ட்டர், பிறந்ததே மியூனிக்கில்தான் என்பது தனிக் கதை.

இன்றும் அந்த வழியில் போகலாம். கழுத்தில் தொடங்கி, காதைச் சுற்றிப் போனால், நிம்ஃபன்பர்க் அரண்மனைத் தோட்டம்தான் நாயின் வாய். முன்னங்கால் இருக்கும் இடம் ஹிர்ஷ்கார்ட்டன் பூங்கா. மான்கள் மேயும் அந்த இடத்தில் சுமார் 8,000 பேர் உட்காரக்கூடிய பியர் தோட்டமும் இருக்கிறது. குடும்பம் குடும்பமாக வந்து சாப்பிடுவார்கள். பெஞ்சுக்கு அடியில் நாய்களும் இருக்கும்.

‘டாக்ஸ்’ என்றால் பேட்ஜர் எனப்படும் வளை தோண்டும் விலங்கு. ‘ஹுண்ட்’ என்றால் நாய். வளைக்குள் புகுந்து அதை விரட்டத்தான் இந்தக் குட்டைக் கால். பூமிக்கடியில் எஜமான் இருக்க மாட்டார், முடிவெல்லாம் நாயே எடுக்க வேண்டும். அதனால்தான் இன்றைக்கும் ‘வா’ என்றால், வரலாமா என்று யோசித்துவிட்டுத்தான் வரும். உருவத்தைவிடக் குரல் பெரிது. தோட்டத்தில் ரோஜாச் செடி வைத்திருப்பவர்கள் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பது நல்லது.

இந்த நாயின் அளவை ஜெர்மானியர்கள் மார்புச் சுற்றளவில்தான் சொல்வார்கள், தையல்காரர் மாதிரி டேப் வைத்து. 1888-ல் தொடங்கிய ஜெர்மன் டெக்கல் சங்கம் இந்த இனத்துக்கென்றே இருக்கிறது. வழுவழு முடி, நீள முடி, கம்பி முடி என மூன்று வகை. எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க ஜெர்மன் சட்டம் அனுமதிப்பதில்லை.

வயிற்றுப் பகுதி நகரின் நடுவே போகும் பெரிய வீதி. பின்னங்காலும் வாலும் இங்கிலீஷ் கார்டனில். அங்கிருந்து ஸ்டேடியத்துக்குத் திரும்பும் நீண்ட பாதைதான் முதுகு.

நிஜ நாய்க்கும் சிக்கல் முதுகில்தான். காலைக் குட்டையாக்கும் மரபணு மாற்றத்தோடு, முதுகெலும்புத் தட்டுகள் இளமையிலேயே இறுகிப்போகும் குறையும் சேர்ந்து வருகிறது. நான்கு அல்லது ஐந்து டாஷ்ஹண்ட்களில் ஒன்றுக்கு வாழ்நாளில் தட்டுப் பிரச்னை வரலாம். மோசமானால் பின்னங்கால்கள் விழுந்துவிடும். 2024-ல் ஜெர்மனியில் விலங்கு நலச் சட்டத் திருத்த வரைவு வந்தபோது, டாஷ்ஹண்ட் வளர்ப்பே முடங்கிவிடுமோ என்று நாய் வளர்ப்புச் சங்கத்தினர் பதறினார்கள். எந்த இனத்தையும் தடை செய்வதில்லை என்றது அமைச்சகம். ஆட்சி கவிழ, வரைவும் அப்படியே நின்றுபோனது. பதற்றம் நியாயம்தான், ஆனால், நாயின் வலியும் நிஜம்தானே?

வழி இல்லாமல் இல்லை. டென்மார்க், பின்லாந்து வளர்ப்பாளர்கள் இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் நாயின் முதுகை எக்ஸ்ரே எடுத்து, இறுகிய தட்டுகளை எண்ணிப் பார்த்த பிறகே இனப்பெருக்கத்துக்கு விடுகிறார்கள். புள்ளித் தோல் அழகாக இருக்கிறதே என்று இரண்டு புள்ளி நாய்களைச் சேர்த்தால், கண் தெரியாத, காது கேட்காத குட்டிகள் பிறக்கலாம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். குட்டி வாங்குபவர் நிறத்தைக் கேட்பதற்கு முன், தாய் தகப்பனின் முதுகு எப்படி என்று கேட்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. எடை கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சோபாவிலிருந்து குதிக்க விடாதீர்கள். தூக்கும்போது ஒரு கை மார்புக்கடியில், மறு கை பின்புறத்தில்.

மியூனிக் ரயிலில் ஆளுக்கு ஒரு நாய் இலவசம். சுரங்க ரயில் நிலையப் படிக்கட்டு வந்ததும் அப்படித்தான் இரண்டு கையாலும் அள்ளிக்கொள்ள வேண்டும். அதுவோ தோளுக்கு மேலே தலையை நீட்டி, பின்னால் வருபவரைப் பார்த்துக் குரைக்கும்.