துரும்பு

இது சற்று நீண்ட பதிவு. சென்ற தை, மாசி மாதங்களில் ஆய்வேட்டின் நான்காம் இயலில் நான் ஒரு வரியும் எழுதவில்லை. நெறியாளர் கேட்டபோது களப்பணியில் இருப்பதாகச் சொன்னேன். உண்மையில் பாறசாலைக்கு அருகில் எங்கள் வீட்டுத் தொழுவத்தில் அமர்ந்து, முப்பத்து நான்கு ஆண்டுப் பழைய மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் தொட்டியிலிருந்து துருவை அகற்றிக்கொண்டிருந்தேன். சொன்னது முழுப்பொய் அன்று என்பது பின்னரே விளங்கியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வண்டி அப்பாவுடையது, ஹீரோ ஹோண்டா சிடி 100. இந்தியாவில் நான்கடிப் பொறியுடன் கூடிய நூறு சிசி வண்டிகளைப் பரவலாக்கிய இந்த வகை 1985-இல் சந்தைக்கு வந்தது. அப்பா 1991-இல் வாங்கினார். களியக்காவிளைக்கு அப்பால், தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் அவர் தமிழாசிரியர். எங்கள் வீடு கேரளத்தில். நாள்தோறும் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குப் போய் இலக்கணம் சொல்லிக் கொடுத்துவிட்டுத் திரும்புவார். எங்கள் பகுதியில் இது வியப்புக்குரிய செய்தி அன்று. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் நின்றுவிட்டது. கோடு சாலையின் குறுக்கே விழுந்தது. உறவும் சந்தையும் வேலையும் கோட்டின் இருபுறமும் கிடந்தன.

ஓய்வு பெற்ற பிறகும் தமிழ் நாளிதழ் வாங்கவும் நண்பர்களைப் பார்க்கவும் அவர் மார்த்தாண்டம் வரை போய் வருவார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, எல்லை அடைபட்டது. வண்டியைத் தொழுவத்தில் நிறுத்தினார். அடுத்த ஆண்டு அவர் போய்விட்டார். அதே ஆண்டில் வண்டியின் பதிவுச் சான்றும் காலாவதியாயிற்று. பதினைந்து ஆண்டு கழிந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வண்டி ஓடும் நிலையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய இரும்புக் கடைதான் கதி. "எடைக்குப் போட்டிராதே மக்களே" என்று அம்மா ஒரே ஒருமுறைதான் சொன்னாள். மறுபடி சொல்லவில்லை, சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

தொட்டியின் மூடியைத் திறந்து கைபேசி வெளிச்சத்தை உள்ளே செலுத்தினேன். பழைய பெட்ரோல் அரக்கு வாடையுடன் அடியில் சிறிதளவு கிடந்தது. சுவரின் பாதி உயரத்தில் ஒரு கோடு. அதற்கு மேலே செதில் செதிலாகச் செந்துரு. கீழே துரு குறைவு. அடித்தளத்தில் மட்டும் கருஞ்சேறு. காரணம் எளியது. பெட்ரோல் நனைத்திருக்கும் இரும்பைக் காற்று அண்டாது. அரைத்தொட்டி காலியாக இருந்தால் அந்த வெற்றிடத்தில் ஈரக்காற்று நுழையும். இரவுக் குளிரில் வியர்த்துச் சுவரில் படியும். எங்களுக்கோ இடவப்பாதி மழையும் உண்டு, துலா மழையும் உண்டு. மேலும் இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். ஈரம் அளவு மிஞ்சினால் நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கிவிடும். அடியில் கண்ட சேறு அப்படி வந்திருக்க வேண்டும். நீண்ட நாள் நிறுத்தும் வண்டியில் தொட்டியை நிறைத்து வை, அல்லது முற்றாக வடித்துவிடு என்பதன் பொருள் எனக்கு ஐந்து ஆண்டு தாமதமாகப் புரிந்தது. அப்பா போன பிறகு நான்கு ஆண்டுகள் அந்த மூடியை நான் திறக்கவே இல்லை.

பக்கப் பலகைக்குள் கருவிப் பையோடு ஒரு சிறு குறிப்பேடு இருந்தது. பெட்ரோல் அடித்த நாள், அளவு, பக்கத்தில் 'த' அல்லது 'கே' என்று ஓர் எழுத்து. விலை எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் அடிப்பது எங்கள் ஊர் வழக்கம். கடைசிப் பதிவு 20.03.2020, நான்கு லிட்டர், 'த'. தொட்டிச் சுவரில் நான் கண்ட கோடு எதன் கோடு என்பது அப்போது தெரிந்தது. சிறிது நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஊரில் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். பக்கத்து வீட்டு மாமா ரப்பர் பால் உறைய வைக்கும் அமிலத்தை ஊற்றச் சொன்னார். இங்கே ரப்பர் ஷீட் அடிக்கும் வீடெல்லாம் பார்மிக் அமிலம் இருக்கும். அது துருவோடு நல்ல இரும்பையும் அரிக்கும் என்பதால் வேண்டாம் என்றேன். அம்மா கொல்லையிலிருந்து ஒரு முறம் இரும்பன்புளி பறித்துவந்தாள். அந்தக் காயில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. துருக்கறை போக்க எங்கள் வீடுகளில் அதைத்தான் தேய்ப்போம். வெட்டுகத்தியில் தேய்த்துப் பார்த்தேன், பளிச்சென்று வந்தது. ஆனால் ஒரு தொட்டி நிறையச் சாறு பிழிய எங்கள் மரம் போதாது. இறுதியில் பேக்கரிக்காரர்கள் வாங்கும் கடையில் சிட்ரிக் அமிலம் வாங்கினேன். அதுவும் புளிதான், இரும்பு அயனியைப் பற்றிக் கரைசலில் நிறுத்தும் ஆற்றல் உடையது, நிதானமாக வேலை செய்வது.

செய்யத் துணிபவர்களுக்காக வரிசையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் தொட்டியைக் கழற்றினேன். இருக்கைக்குக் கீழே பின்புறம் ஒரு போல்ட். முன்புறம் ரப்பர் மெத்தைகளில் செருகி நிற்கும், பின்னுக்கு இழுத்தால் வந்துவிடும். பழைய பெட்ரோலை வெட்டவெளியில் வடித்தேன். நிறைந்த தொட்டியைவிட வடித்த தொட்டியே ஆபத்தானது. உள்ளே நிற்கும் ஆவிக்கு ஒரு பொறி போதும். ஆகவே சோப்புத்தூள் கரைத்த வெந்நீரால் வாடை முற்றும் நீங்கும்வரை ஐந்து முறை அலசினேன். அடிக்குழாயைக் கழற்றி ஓட்டையை ரப்பர் அடைப்பானால் மூடினேன். செதில் துருவை உடைக்க முப்பது நட்டுகளை எண்ணி உள்ளே போட்டு, வெந்நீர் விட்டுக் குலுக்கினேன். திரும்பி வந்தவை இருபத்தொன்பது. முப்பதாவதைக் காந்தத்தை நூலில் கட்டித் தூண்டிலிட்டுப் பிடிக்க ஒரு மாலைப்பொழுது சென்றது. நீங்கள் நாய்ச்சங்கிலி ஒன்றைப் போடுங்கள். ஒரு முனை கையில் இருக்கும்.

பிறகு லிட்டருக்கு ஐம்பது கிராம் வீதம் சிட்ரிக் அமிலம் கரைத்து, கழுத்துவரை நிரப்பி, மூடியைத் திறந்தபடி ஒரு நாள் வைத்தேன். வெளிவண்ணத்தில் சிந்தாமல் இருக்கப் பிளாஸ்டிக் தாள் சுற்றியிருந்தேன். குமிழ் மிகுதியாக எழத் தொடங்கினால் அமிலம் துருவை முடித்து இரும்பைத் தொடுகிறது என்று பொருள். அப்போது நிறுத்திவிட வேண்டும். அந்தக் குமிழ் ஹைட்ரஜன்; அருகில் பீடி கூடாது. மறுநாள் பழுப்புநீர் வடிந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் இரும்பு தெரிந்தது. நான் மகிழ்ந்தேன். சோடா உப்புக் கரைசலால் அமிலத்தை முறித்து நல்ல நீரால் அலசும்போது, தொட்டியின் அடியில் ஒரு துளி நீர் வெளியே கோத்து நின்றது. துடைத்தேன். மறுபடி கோத்தது.

ஊசிமுனை ஓட்டை. ஐந்து ஆண்டுகளாக ஒரு துளியும் ஒழுகாத தொட்டி, நான் சுத்தம் செய்த பின் ஒழுகியது.

கவலையோடு தகர வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். எழுபது கடந்தவர், அப்பாவுக்கும் பழக்கமானவர். தொட்டியைத் திருப்பி, நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இத்தனை நாளும் துரும்புதான் மக்களே ஓட்டைய அடைச்சு வச்சிருந்தது. நீ துரும்ப எடுத்த, ஓட்டை தெரிஞ்சுது. ஓட்டைய நீ போடல்ல. பயப்படாத."

வேலை எப்படி நடந்தது என்பதை முதலில் முடித்துவிடுகிறேன். நெருப்பு வைத்துப் பற்றவைக்க அவர் ஒப்பவில்லை. இரண்டு நாள் வெயிலில் காயவிடச் சொன்னார். பிறகு ஓட்டை மேலே வரும்படி தொட்டியைக் கவிழ்த்து, வாய்களை அடைத்து, அடிக்குழாய் ஓட்டை வழியே ஒரு விரற்கடை குறைய நீர் நிரப்பி, ஆவி நிற்க இடமில்லாமல் செய்தார். ஓட்டையைச் சுற்றி மினுமினுக்கும்வரை தேய்த்தார். முற்றத்தின் மறுகோடியில் கரியடுப்பில் செம்புக் கட்டையைக் காய்ச்சி எடுத்துவந்து ஈயப் பற்றாசு வைத்தார். கூலியாகச் சாயா மட்டும் போதும் என்றார், நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து மீண்டும் ஒருமுறை இலேசான சிட்ரிக் நீர், சோடா நீர், வெந்நீர் என அலசினேன். ஈரம் பட்ட புது இரும்பு ஒரு மணி நேரத்தில் மஞ்சள் பூத்துவிடும். அதனால் சூடு ஆறுமுன் காற்றடித்து உலர்த்தி, ஒரு கோப்பை எஞ்சின் எண்ணெயை ஊற்றி எல்லாச் சுவரிலும் படும்படி உருட்டினேன். உட்பூச்சு எதுவும் பூசவில்லை. அது உரியத் தொடங்கினால் குழாயை அடைக்கும். கார்ப்பரேட்டரைக் கழுவி, அடிக்குழாய்க்கு வாஷர் மாற்றி, இடையில் ஒரு வடிகட்டி பொருத்தினேன்.

இனி, பெரியவர் சொன்ன அந்தச் சொல். மலையாளத்தில் துருவுக்குத் துரும்பு என்று பெயர். துருப்பிடித்தலைத் துரும்பெடுத்தல் என்பார்கள். தமிழில் துரும்பு என்றால் வைக்கோல் துண்டு, அற்பப் பொருள். எங்கள் எல்லைத் தமிழில் இரண்டு பொருளும் உண்டு. இடம் பார்த்துப் பொருள் கொள்வோம். என் ஆய்வு இந்த வட்டாரத்தின் பேச்சுத்தமிழைப் பற்றியது. நூறு மணி நேரத்துக்கு மேலான ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கி வைத்திருக்கிறேன். அன்று இரவு கோப்புகளைத் திறந்து 'துரும்பு' என்று தேடினேன். ஒன்றுகூட இல்லை. ஒலிப்பதிவைக் கேட்டேன், சொற்கள் இருந்தன. எழுத்தாக்கும்போது நானே 'துரு' என்று திருத்தியிருக்கிறேன். இதுபோல இன்னும் பல. சிலவற்றைத் திருத்தாமல் விட்டு, 'மலையாளக் கலப்பு' என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறேன்.

ஏன் செய்தேன் என்று யோசித்தேன். எல்லைக்கு அந்தப் பக்கம் போய்ப் பேசினால் "மலையாளத்தான்" என்பார்கள். இந்தப் பக்கம் நகரத்துக்குப் போனால் "பாண்டி" என்பார்கள். இரண்டையும் கேட்டு வளர்ந்தவன், கருத்தரங்கில் தன் ஊர்ப்பேச்சைத் தூய தமிழாகக் காட்டிவிட வேண்டும் என்று விரும்பியதில் வியப்பில்லை. ஆனால் அது ஆய்வு அன்று. என்னிடம் பேசிய முதியவர்களின் வாயிலிருந்து நான் சொல்லைப் பிடுங்கியிருக்கிறேன்.

இங்கே ஓர் உவமை கை நீட்டி அழைக்கிறது: துரு ஓட்டையை அடைத்து நின்றது போலக் கலப்புச் சொல் மொழியைக் காத்து நின்றது என்று எழுதலாம். எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். பொருந்தவில்லை. துரு இரும்பைத் தின்னும். ஓட்டையை உண்டாக்கியதே அதுதான், அடைத்தது பிறகு. சொல் அப்படி எதையும் தின்பதில்லை. நான் அவற்றைக் கலப்பு என்று பெயரிட்டபோதே துருவாக எண்ணியிருக்கிறேன், பிழை அங்கேதான். தொட்டியில் எடுத்தது சரி. கோப்பில் எடுத்தது தவறு. இரண்டையும் ஒரே கையால், ஒரே ஊக்கத்தோடு செய்திருக்கிறேன்.

வீட்டில் அப்பா எப்படிப் பேசினார் என்று அம்மாவிடம் கேட்டேன். "பள்ளிக்கூடத்துல துரு, வீட்டுல துரும்பு" என்றாள். தமிழாசிரியருக்கு அதில் ஒரு சிக்கலும் இருந்ததாகத் தெரியவில்லை.

மாசி இறுதியில் வண்டியைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றிச் சோதனைக்குக் கொண்டுபோனேன். அபராதமும் கட்டணமும் வண்டியின் இன்றைய விலையை நெருங்கின. பதிவு ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது. மறுநாள் இஞ்சிவிளை வழியாகக் களியக்காவிளைக்குப் போய், தொட்டி நிறையப் பெட்ரோல் அடித்து, குறிப்பேட்டில் அப்பாவின் கடைசி வரிக்குக் கீழே நாளும் அளவும் எழுதி 'த' என்று குறித்தேன்.

நான்காம் இயல் தாமதமாகும். ஒலிப்பதிவுகளை முதலிலிருந்து கேட்டு, கேட்டபடியே எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது பதினோராவது மணி நேரத்தில் இருக்கிறேன். நெறியாளரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். வட்டார வழக்கில் களப்பணி செய்யும் இளைய நண்பர்கள் ஒருமுறை தங்கள் எழுத்தாக்கத்தை ஒலியோடு ஒத்துப் பாருங்கள். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இன்றே மூடியைத் திறந்து பாருங்கள்.