ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பாடம்

ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் எங்கள் பழங்காநத்தத்தில் கறிக்கடை வாசலில் ஒரு கூட்டம், மாவுக் கடையில் ஒரு கூட்டம், திருப்பரங்குன்றம் பஸ்ஸுக்கு ஒரு கூட்டம் என்று தெருவே கலகலவென்றிருக்கும். கொரோனா காலத்தைத் தவிர, கடைகள் எல்லாம் மூடிக் கிடந்த ஞாயிற்றுக்கிழமையை நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையில் என் மூத்த மகள் மாட்டிக்கொண்ட கதையைத்தான் சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அவள் திருச்சி என்.ஐ.டி.யில் மூன்றாம் வருஷம் முடித்த சமயம். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற நிறுவனமான டி.ஏ.ஏ.டி., நம் மாணவர்களுக்காக நடத்திய ‘வைஸ்’ என்ற திட்டத்தில், 2024 கோடை விடுமுறைக்கு ஆகன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. உதவித்தொகை உண்டு என்றாலும், கையில் வரும் வரைக்கும் செலவுக்கு என் வளையல் இரண்டு அடகுக்குப் போயின. “பொட்டப் புள்ளைய அம்புட்டுத் தூரம் தனியா அனுப்பணுமாக்கும்?” என்று என் மாமியார் ஒரு வாரம் என்னுடன் சரியாகப் பேசவில்லை. என் கணவர்தான், “போயிட்டு வரட்டும் ஆத்தா” என்று சமாதானம் செய்தார்.

பெட்டி கட்டும்போதே ஒரு பாடம் கற்றேன். ஐரோப்பாவுக்குள் பால் பொருள், மாமிசம் எதையும் கொண்டுபோகக் கூடாதாம். காய்ச்சி வைத்திருந்த நெய்யை எடுத்து வெளியே வைத்தேன். பச்சைக் கறிவேப்பிலைக்குக்கூடச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். ஆகவே பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, புளிக்காய்ச்சல், வத்தல், முறுக்கு என்று வைத்து அனுப்பினேன்.

ஒரு சனிக்கிழமை இரவு போய் இறங்கியவள், களைப்பில் அப்படியே தூங்கிவிட்டாள். மறுநாள் எழுந்து வெளியே போனால் ஒரு மளிகைக் கடையும் திறக்கவில்லை. அந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 1919-இல் எழுதிய வாசகத்தை 1949 சட்டத்திலும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். பெரிய ஸ்டேஷன்களில் சில கடைகளும், காலையில் சில மணி நேரம் ரொட்டிக் கடைகளும் திறந்திருக்கும் என்பது அவளுக்குத் தெரியாது. பக்கத்து அறைக் கதவைத் தட்டக் கூச்சம். அன்று முழுக்க முறுக்கும் தண்ணீரும்தான். என்னிடம், “சாப்பிட்டேம்மா” என்றாள். திங்கட்கிழமைதான் உண்மை வெளியே வந்தது.

வார நாட்கள் எப்படியோ ஓடிவிட்டன. காலையில் ஆராய்ச்சிக்கூடம், மதியம் மாணவர் உணவகம். அறையில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சமையலறை. ஃப்ரிட்ஜில் ஆளுக்கு ஒரு தட்டு. காகிதம், பிளாஸ்டிக், காய்கறிக் கழிவு என்று குப்பையைத் தனித்தனியாகப் போட வேண்டும். காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும். “நம்ம வீட்ல பழைய பேப்பர் போடுற மாதிரிதாம்மா” என்று சிரிப்பாள். இரவு ஒன்பதரை மணிக்கும் வெயில் அடிப்பதால் தூக்கம் வரவில்லை என்பாள்.

ஆனால் சனி, ஞாயிறு வந்தால் அவள் குரல் சுருங்கிவிடும். அறையைவிட்டு வெளியே வருவதில்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பார்த்தேன். தலை வாரவில்லை, கன்னம் ஒட்டியிருந்தது. “என்ன சமைச்சே?” என்றேன். பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, “நான் வந்துரட்டுமாம்மா?” என்றாள்.

பக்கத்தில் இருந்த மாமியார், “வரச் சொல்லு, வரச் சொல்லு” என்று என் கையைப் பிடித்தார். எனக்கும் ‘வா’ என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் ஒரு வாரத்தில் வந்திருப்பாள். ஆனால் ‘பாதியில் வந்துவிட்டோமே’ என்ற எண்ணம் காலம் முழுக்க அவள் கூடவே இருக்குமே என்று தோன்றியது. அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் அவளிடம் சொன்னேன்: “ஒரே ஒரு மாசம் பாப்போம். சனிக்கிழமை சோறு வடிச்சு, பருப்பு வச்சு, டப்பாவுல போட்டு வச்சுக்க. அங்கதான் தயிருக்குப் பஞ்சமில்லையே. ஞாயித்துக்கெழம எங்கயாச்சும் போ. போயிட்டு வந்து, நான் பாக்காத ஊரை எனக்குச் சொல்லு. இது ஒனக்கு நான் குடுக்குற வீட்டுப் பாடம்.”

அந்த வாரமே கூட வேலை செய்த பெண்களோடு புறப்பட்டாள். ஆகனுக்குப் பக்கத்தில் ஜெர்மனி, ஹாலந்து, பெல்ஜியம் மூன்றும் சேரும் ஒரு குன்று இருக்கிறது. ஒரு கல்லைச் சுற்றி வந்தால் மூன்று நாட்டையும் மிதித்தாகிவிடும்! குன்றுக்குக் கீழே இருக்கும் வால்ஸ் என்ற ஹாலந்து ஊரில் ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு. “பால் தீந்துபோனா டவுன் பஸ் ஏறி அடுத்த நாட்டுல போயி வாங்கிட்டு வரலாம்மா” என்று அவள் சொன்னபோது, பல நாள் கழித்து அந்தப் பழைய சிரிப்பைக் கேட்டேன்.

அப்போது மாதம் 49 யூரோவுக்கு ஒரு டிக்கெட் எடுத்தால், அதிவேக ரயில்கள் தவிர நாடு முழுக்க உள்ளூர் ரயிலிலும் பஸ்ஸிலும் போகலாம். (இப்போது கட்டணம் உயர்ந்துவிட்டது.) அதை வைத்துக்கொண்டு கொலோன் நகரத்துக்குப் போய்ப் பெரிய தேவாலயத்தைப் பார்த்தாள். 1248-இல் ஆரம்பித்து 1880-இல் முடித்தார்களாம்! உயரம் 157 மீட்டர். நம் மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தைப் போல மூன்று மடங்கு. 533 படி ஏறி, மேலே நின்று மூச்சு வாங்கிக்கொண்டே எனக்குப் போன் போட்டாள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாம் என்ற ஊரின் காமாட்சி அம்பாள் தேர்த் திருவிழாவுக்குப் போனாள். ஆகனிலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேர ரயில் பிரயாணம். இலங்கையிலிருந்து அகதிகளாகப் போன நம் தமிழர்கள் எழுப்பிய கோயில் அது. 2002-இல் கும்பாபிஷேகம் ஆயிற்று. தொழிற்பேட்டைக்கு நடுவில் கோபுரம்! பட்டுச்சேலை, காவடி, தேர் வடம், ஆயிரக்கணக்கில் ஜனம். போனைத் தூக்கிப் பிடித்து நாதஸ்வரத்தையும் தவிலையும் கேட்க வைத்தாள். பழங்காநத்தத்துச் சமையலறையில் நின்றுகொண்டு நானும் மாமியாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

அங்கே ஓர் யாழ்ப்பாணத்து அம்மாள், “பிள்ளை, சாப்பிட்டனீங்களோ?” என்று கேட்டு, கையைப் பிடித்து அழைத்துப்போய் அன்னதானத்தில் உட்கார வைத்தாராம். எண்பதுகளில் போனவராம் அவர். அதன்பின் பெற்ற தாயின் முகத்தைப் பார்க்கப் பதினோரு வருஷம் ஆயிற்று என்று சொன்னாராம். “நான் மூணு மாசத்துக்கு அழுதேனேம்மா” என்று என் மகள் சொன்னபோது எனக்கும் தொண்டை அடைத்தது. அதற்குப் பிறகு அவள் ‘வந்துரட்டுமா’ என்று கேட்கவேயில்லை.

ஆனால் வேறொன்று கேட்டாள். “நான் மட்டும்தான் வீட்டுப் பாடம் எழுதணுமா? நீ இந்த ஞாயித்துக்கெழம எங்கம்மா போன?”

எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவள் கடை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் தவித்தாள். எனக்கோ அடுப்பு மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. மற்ற நாளைவிட அன்றைக்குத்தான் வேலை அதிகம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கும் கீழக்குயில்குடி சமணர் மலையைக்கூடப் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, மாமியாரையும் அழைத்துக்கொண்டு ஆட்டோவில் போனோம். அய்யனார் கோயில், தாமரைக் குளம், பெரிய ஆலமரம். மாமியார் நிழலில் உட்கார்ந்துகொண்டார். நானும் அவரும் சின்ன மகளும் படி ஏறிப் பேச்சிப்பள்ளம் போய், ஆயிரம் வருஷத்துக்கும் முந்தைய தீர்த்தங்கரர் சிற்பங்களைப் பார்த்தோம். இறங்கி வந்தால் மாமியார், “எம்புட்டு நாளாச்சு இப்படிக் காத்தாட ஒக்காந்து!” என்றார். அன்று இரவு என் வீட்டுப் பாடத்தை மகளிடம் ஒப்பித்தேன்.

ஆகஸ்டில் அவள் நல்லபடியாக வந்து சேர்ந்தாள். வளையலையும் பிறகு மீட்டுவிட்டோம். பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பும் தாய்மார்களுக்கு என் சிறு யோசனை: ‘சாப்பிட்டாயா’ என்று கேட்பதோடு நிறுத்தாமல், ‘ஞாயிற்றுக்கிழமை எங்கே போனாய்’ என்றும் கேளுங்கள். அவர்கள் திருப்பிக் கேட்டால் சொல்வதற்கு, உங்களிடமும் ஒரு பதில் இருக்கட்டும். எங்கள் வீட்டில் இப்போது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் அடுப்பு மூட்டுவதில்லை. அதற்கு முதல் ஆளாகப் புறப்பட்டு வாசலில் நிற்பவர் என் மாமியார்தான்!